தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு தேற்றம்

"இந்த நிரலில் இந்தத் தப்பு வராது" என்று ஒரு கணினி நமக்கு உறுதி கொடுக்க முடியும். சோதித்த வரையில் வரவில்லை, இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை என்கிற மழுப்பலுக்கெல்லாம் அங்கே இடமில்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும், எத்தனை ஆண்டு ஓடினாலும், வராது. அவ்வளவுதான் பேச்சு. அப்படி ஒரு வரியை என் மடிக்கணினியில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதே பேச்சுதான். திருவனந்தபுரம் பழவங்காடியில் என் மாடி அறைக்கு வருகிற நண்பர்கள் சாயா குடித்துவிட்டு எழுந்து போய்விட முடியாது. ஒரு நிரூபணத்தையாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும்.

நான் கருவிகளுக்குள் ஓடும் நிரல்களை எழுதுகிறவன். காலையில் கிழக்கே கோட்டையில் பஸ் ஏறிக் கழக்கூட்டம் போவேன், இரவில் திரும்புவேன். நான் எழுதுவது திரையில் பளபளக்கிற செயலி எதுவும் இல்லை. மோட்டாரை நிறுத்துவது, வால்வைத் திறப்பது, அளவு காட்டுவது மாதிரியான வேலைகள். அதில் ஒரு தப்பு இருந்தால் யாரும் 'அப்டேட்' பண்ணிச் சரிசெய்துவிட முடியாது. சுவரில் திருகி மாட்டிவிட்டுப் போன பெட்டி அது. இப்படிப்பட்ட வேலையில் இருக்கிறவனுக்கு, தேற்ற நிரூபிப்பான் என்ற கருவி கையில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பிடித்துக்கொண்டது ஸ்பார்க். ஏடா என்ற நிரல்மொழியின் ஒரு பகுதி அது. நிரூபிக்க வசதியாக இருக்கவேண்டும் என்றே சில அம்சங்களைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வேர் விட்டது. இன்று அதன் நிரூபிக்கும் கருவியான நாட்ப்ரூவ் மூல நிரலோடு இலவசமாகவே கிடைக்கிறது. எழுதும்போது ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே இரண்டு விஷயம் எழுதலாம். இதைக் கூப்பிடுகிறவர் எதை உறுதிசெய்துவிட்டு வரவேண்டும் என்பது முன்நிபந்தனை. வேலை முடிந்ததும் எது உண்மையாக இருக்கும் என்பது பின்நிபந்தனை. மீதியைக் கருவி பார்த்துக்கொள்கிறது.

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றைக் காட்டிவிடுகிறேன். மாடித் தொட்டியில் தண்ணீர் எத்தனை சதவீதம் இருக்கிறது? சென்சார் நீர்மட்டத்தைச் சென்டிமீட்டரில் தருகிறது. அதை நூறால் பெருக்கி, தொட்டியின் உயரத்தால் வகுத்தால் விடை. ஒரே வரி, எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிடும். சின்னச் சில்லுகளில் வழக்கமாக இருக்கிற 16 பிட் முழு எண்ணில் அந்த வரியை அப்படியே எழுதி, விடை 0 முதல் 100 வரைக்குள் இருக்கும் என்று அறிவித்து, நாட்ப்ரூவிடம் கொடுத்தேன்.

ஒரு வரிக்கு மூன்று ஆட்சேபம் வந்தது!

உயரம் பூஜ்ஜியமாக இருந்தால் எப்படி வகுப்பாய் என்றது. நீர்மட்டம் உயரத்தைவிட அதிகமாக வந்தால் விடை நூறைத் தாண்டுமே என்றது. இந்த இரண்டும் சரி, யாரும் யோசித்தால் பிடித்துவிடலாம். மூன்றாவதில்தான் நான் சொக்கிப்போனேன். பெருக்கல் அளவு மீறக்கூடும் என்று அடிக்கோடு போட்டிருந்தது. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 பிட் எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 32,767. நீர்மட்டம் 327 சென்டிமீட்டர் என்றால் நூறால் பெருக்க 32,700, அடங்கிவிடும். 328 என்றால் 32,800, அடங்காது. வீட்டு மாடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஆள் உயரம்கூட இருக்காது. அதில் வைத்து ஆயிரம் தடவை சோதித்தாலும் நிரல் சரியாகவே நடந்துகொள்ளும். அதே பெட்டியைக் கொண்டுபோய் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்கு மீட்டர் தொட்டியில் மாட்டினால், தண்ணீர் 328ஐத் தொட்ட நொடியில் காவல் இல்லாத மொழிகளில் பெருக்கல் விடை சுற்றிக்கொண்டு மைனஸ் 32,736 ஆகிவிடும். சதவீதம் மைனஸ் 81. தொட்டி காய்ந்து கிடக்கிறது என்று நினைத்து மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இத்தனையையும் நாட்ப்ரூவ் நிரலை ஒரு தடவைகூட ஓட்டாமல் சொல்லிவிட்டது. படித்தே சொல்லிவிட்டது!

உடனே முன்நிபந்தனை எழுதினேன்: உயரம் 1 முதல் 327க்குள், மட்டம் 0 முதல் உயரத்துக்குள். மூன்று ஆட்சேபமும் போன இடம் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கருவியின் அருமை. இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிற இன்னொரு ஃபங்ஷனில் புதிதாக ஓர் ஆட்சேபம் முளைத்தது. "மட்டம் உயரத்தைத் தாண்டாது என்பதற்கு இங்கே என்ன உத்தரவாதம்?" என்பது அதன் சாரம். அங்கே உத்தரவாதம் கிடையாது; சென்சார் ஈரத்தில் எதையாவது உளறலாம். ஆக, சரிபார்க்க வேண்டிய இடம் அதுதான், சென்சார் மதிப்பு நிரலுக்குள் நுழைகிற வாசல். அங்கே ஒரு சோதனை வைத்ததும் எல்லாம் நிரூபணமாகி, நிரல் முழுக்கப் பச்சை. எங்கே காவல் வைக்கவேண்டும், எங்கே வைக்கத் தேவையில்லை என்பதை இவ்வளவு துல்லியமாக எனக்குச் சொல்லித் தந்த ஆசிரியர் வேறு யாருமில்லை. நாலு மீட்டர் தொட்டிக்கும் வேண்டுமென்றால் பெருக்கலை 32 பிட்டில் செய்துவிட்டு நிபந்தனையைத் தளர்த்தலாம். அதையும் செய்தேன், அதையும் நிரூபித்துத் தந்தது.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அண்ணாச்சி சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார், நாகர்கோவில் பக்கத்துக்காரர். மறுநாள் காலையில் படியில் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, ராத்திரி வெகுநேரம் லைட்டு எரிஞ்சுதே?"

"தொட்டிக் கணக்கு அண்ணாச்சி. தப்பே வராதுன்னு நிரூபிச்சாச்சு."

"தொட்டி நிறைஞ்சா மோட்டார் நிக்கணும், அவ்வளவுதான? ரெண்டு மூணு தடவை போட்டுப் பாத்தா தெரிஞ்சுபோவுமே."

"போட்டுப் பாக்கது வேற அண்ணாச்சி. இது எல்லா மட்டத்துக்கும் சேத்து ஒரேயடியா சரின்னு சொல்லுகது."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ கடைத் தராசுக்கு முத்திரை போடுகது மாதிரின்னு சொல்லு."

"அதுக்கும் மேல. முத்திரை போடுதவங்க நாலு படிக்கல்லை வச்சுத்தான் பாப்பாங்க. இது உலகத்துல இருக்கப்பட்ட எல்லா எடையையும் வச்சுப் பாத்த கணக்கு."

"அப்படியா! அப்போ நம்ம தொட்டிக்கும் ஒண்ணு பண்ணிப் போடு தம்பி" என்றார். இப்போது இந்த வீட்டு மாடியில் ஓடுவது அந்த நிரல்தான்.

தொட்டி சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அதே 32,767 ஒரு ராக்கெட்டை வீழ்த்தியிருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியேன் 5 முதல் தடவையாகக் கிளம்பியது. சுமார் 40 நொடியில், 3,700 மீட்டர் உயரத்தில் பாதை மாறி, உடைந்து சிதறியது. திசை அறியும் கருவிக்குள் ஓடிய நிரல் ஏரியேன் 4இலிருந்து அப்படியே எடுத்து வைத்தது. கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை அது 16 பிட் எண்ணாக மாற்றியது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு 32,767ஐத் தாண்ட வழியே இல்லை என்று கணக்கிட்டு அங்கே காவல் வைக்கவில்லை. புதிய ராக்கெட் வேறு பாதையில், அதிக வேகத்தில் போனது; எண் தாண்டியது. முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே நிரலை ஓட்டியதால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. அந்த நிரல் எழுதப்பட்டிருந்த மொழியும் ஏடாதான்.

'இந்த எண் இவ்வளவுக்குள்தான் இருக்கும்' என்ற எண்ணம் அங்கே பொறியாளர்களின் தலையிலும் ஆவணங்களிலும் இருந்தது. ஃபங்ஷனின் நெற்றியில் எழுதப்படவில்லை. எழுதி, ஒரு நிரூபிப்பானிடம் கொடுத்திருந்தால், புதிய பாதையின் எண்களோடு அதைக் கூப்பிட்ட நாளிலேயே அது எழுந்து நின்றிருக்கும். சின்னத் தொட்டி, பெரிய தொட்டி கதையேதான். எனக்கு இந்தக் கருவி மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு முதல் காரணம் இதுதான். நம் மனசுக்குள் ஒளிந்திருக்கிற அனுமானங்களை அது ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, எழுத்தில் போடவைக்கிறது. ஒருமுறை எழுதிவிட்டால் அந்த நிரல் எந்த ஊருக்கு, யார் கைக்குப் போனாலும் அந்த நிபந்தனையும் கூடவே போகும்.

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து ஏடா பேசுவதில் எனக்குத் தனி சந்தோஷமும் உண்டு. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கும் தும்பா, எங்கள் நகரத்தின் வடகோடியில்தான் இருக்கிறது. இஸ்ரோவின் ஏவுவாகனங்களில் 2009 முதல் பறந்துகொண்டிருப்பது விக்ரம் 1601 என்ற 16 பிட் செயலி. 2025 மார்ச்சில் அதன் 32 பிட் வாரிசான விக்ரம் 3201 வெளிவந்தது. விக்ரம் சாராபாய் மையமும் சண்டிகரின் செமிகண்டக்டர் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கான உயர்நிலை மொழி ஏடா. ஏடா கம்பைலரையும் இஸ்ரோவே எழுதிக்கொண்டது. நான் தொட்டிக்கு எழுதுகிற மொழியில் பக்கத்துத் தெரு ஆட்கள் ராக்கெட்டுக்கு எழுதுகிறார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

சரி, நிரலைப் படித்தே இந்தக் கருவி எப்படிச் சொல்கிறது? நிரலில் எங்கெல்லாம் தப்பு நடக்க வாய்ப்புண்டோ, ஒவ்வொரு பெருக்கல், வகுத்தல், பட்டியலில் ஓர் இடத்தைத் தொடுவது என எல்லா இடத்திலும் கருவி ஒரு கணிதக் கேள்வியை உண்டாக்குகிறது. நிரலின் வரிகளில் பின்னோக்கி நடந்து, அந்த இடத்துக்கு வருவதற்குள் எதெல்லாம் உண்மையாகியிருக்கும் என்று திரட்டிக்கொள்கிறது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975இல் வகுத்துக் கொடுத்த வழி இது. பிறகு அந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. 'தொட்டியின் உயரம் 1 முதல் 327 வரை. மட்டம் அந்த உயரத்தைத் தாண்டாது. மட்டத்தை நூறால் பெருக்கினால் 32,767ஐத் தாண்டுகிறது. மூன்றும் ஒருசேர நடக்கும்படி எண்கள் உண்டா?' உண்டு என்றால் அந்த எண்ணையே எடுத்துக் காட்டுகிறது, அதுதான் பிழைக்கான சாட்சி. அப்படி எண்ணே கிடையாது என்று தர்க்கத்தால் முடிவாகிவிட்டால், நிரூபணம் ஆகிவிட்டது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவை எஸ்.எம்.டி. சால்வர்கள். பிரான்சில் பிறந்த ஆல்ட்-எர்கோ, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சிவிசி5, மைக்ரோசாஃப்டில் லியனார்டோ டி மௌராவும் நிக்கோலாய் பியோர்னரும் உருவாக்கி 2008இல் அறிமுகப்படுத்திய இசட்3. மூன்றும் நாட்ப்ரூவுக்குப் பின்னால் நிற்கின்றன. ஒன்று திணறினால் இன்னொன்று கைகொடுக்கும். ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்கிற வேலை இவற்றுக்குக் கிடையாது. இரண்டு 32 பிட் எண்களை வாங்குகிற ஒரு ஃபங்ஷனின் எல்லாச் சாத்தியங்களையும் நொடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தால்கூட 584 ஆண்டு பிடிக்கும். என் மேஜையில் அது ஒரு நொடிக்குள் முடிகிறது. நான் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

தனிவரிகள் இப்படி முடிந்துவிடும். சுழல் வந்தால்தான் மனுஷன் மூளைக்கு வேலை, இன்பமும் அங்கேதான். சுழல் எத்தனை சுற்று ஓடும் என்று சால்வருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்கிற உண்மை என்ன என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் சுற்றுக்குள் நுழையும்போது அது உண்மையா, ஒரு சுற்றின் தொடக்கத்தில் உண்மையென்றால் முடிவிலும் உண்மையா, இந்த இரண்டை மட்டும் அது சரிபார்க்கும். பிளஸ் ஒன்னில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட கணிதத் தொகுத்தறிதல்தான் இது! அந்தப் பாடம் இவ்வளவு உயிரோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்காரும் என்று பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால் நான் முன்வரிசைக்கே இடம் மாறியிருப்பேன்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் இருபாதித் தேடலை எடுத்துக்கொண்டேன். வரிசைப்படுத்திய பட்டியலின் நடு எண்ணைப் பார்த்து, தேடுவது அதைவிடச் சிறியதென்றால் இடப்பாதி, பெரியதென்றால் வலப்பாதி என்று நெருங்கிக்கொண்டே போகும் முறை. கணினி படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் எழுதியது. அதில் நடு இடத்தைக் கண்டுபிடிக்க இடக்குறியையும் வலக்குறியையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். நாட்ப்ரூவ் அந்தக் கூட்டலின் மேலேயே கை வைத்தது. 32 பிட் எண்ணின் உச்சம் 214,74,83,647. சுமார் 107 கோடிக்கு மேற்பட்ட எண்கள் உள்ள பட்டியலில் இரண்டு குறிகளின் கூட்டல் அதைத் தாண்டிவிடலாம். ஜாவா நூலகத்திலேயே இந்தப் பிழை ஏறத்தாழ 9 ஆண்டு பதுங்கியிருந்தது என்பதை 2006இல் அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே வெளியில் சொன்னபோதுதான் உலகம் அறிந்தது. இடக்குறியோடு, இடைவெளியின் பாதியைக் கூட்டினால் போதும், சிக்கல் தீர்ந்தது.

அதற்கப்புறம் சுழலுக்கான மாறா உண்மை. பலவிதமாக எழுதிப் பார்க்கலாம். கடைசியில் எல்லாம் ஒரே வாக்கியத்துக்கு வந்து சேர்கிறது: தேடுகிற எண் பட்டியலில் இருக்குமானால், இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில்தான் இருக்கும். இந்த வாக்கியம்தான் இருபாதித் தேடல். மற்ற வரிகளெல்லாம் இதைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. இதை எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறைகிறது என்பதையும் சேர்த்தபோது, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்காது என்பது உட்பட அத்தனையும் பச்சையானது. நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் நடந்தேன். கல்லூரியில் மனப்பாடம் செய்த ஒன்றை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நிம்மதி அது. நிரூபிப்பானோடு பழகினால் நிரல் எழுதுவதே வேறு அனுபவம் ஆகிவிடுகிறது.

டிம்சார்ட் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. பைத்தானுக்காக டிம் பீட்டர்ஸ் 2002இல் எழுதிய வரிசைப்படுத்தும் முறை. ஜாவாவும் ஆண்ட்ராய்டும் எடுத்துக்கொண்டன. கோடிக்கணக்கான கருவிகளில் இரவும் பகலும் ஓடுவது. 2015இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் கீ என்ற நிரூபிப்பானை வைத்து அது சரி என்று நிரூபிக்க உட்கார்ந்தார்கள். நிரூபணம் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று தோண்டினால், மாறா உண்மை என்று அதன் ஆசிரியர் நம்பியது சில சமயம் மாறிவிடுகிறது! 6,71,08,864 உறுப்புகள் உள்ள ஒரு பட்டியலைத் தகுந்தபடி அமைத்துக் கொடுத்தால் ஜாவா நிரல் விழுந்துவிடும் என்று காட்டினார்கள். அத்தனை வருஷம், அத்தனை கோடி ஓட்டம் கண்ணில் படாதது நிரூபிக்க முயன்றதும் அகப்பட்டது.

இந்தத் துறையின் உச்சாணியில் நம் ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தமிழில் யாரும் உரக்கச் சொல்லக் காணோம், அதனால் நான் சொல்கிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த நடராஜன் சங்கர், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்டத்துக்காக, கோடலின் முழுமையின்மைத் தேற்றத்தையே கணினி சரிபார்க்கும்படி நிரூபித்துக் காட்டியவர். கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ.யில் சாம் ஓர், ஜான் ரஷ்பி ஆகியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பி.வி.எஸ். என்ற நிரூபிப்பான் 1992இல் வந்தது. நாசாவின் லாங்லி ஆய்வு மையம் வான்போக்குவரத்து நிரல்களைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துகிறது. தானியங்கித் தர்க்கத் துறையின் பெரிய விருதான ஹெர்பிராண்ட் விருது 2022இல் அவருக்குக் கிடைத்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணி, தாமஸ் பாலுடன் சேர்ந்து மைக்ரோசாஃப்டில் ஸ்லாம் என்ற கருவியை உருவாக்கினார். விண்டோஸ் நீலத் திரையோடு உறைந்து நின்ற காலம் நினைவிருக்கும். அதற்குப் பெரிய காரணம் டிரைவர் நிரல்கள். ஒரு பூட்டைப் பூட்டியவர் திறந்தாரா, பூட்டியதையே மறுபடி பூட்டப் போனாரா என்பது போன்ற விதிகளை டிரைவர் மீறுகிறதா என்று நிரூபிப்பானின் துணையோடு சரிபார்த்தது ஸ்லாம். இருவருக்கும் 2011இல் நிரல் சரிபார்ப்புத் துறையின் சி.ஏ.வி. விருது. கிண்டியில் இன்று படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் முதல் வருஷமே தெரியவேண்டும்.

எனக்கு இன்னும் நெருக்கமானது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தீபக் டிசோசாவின் குழு செய்த வேலை. சின்னச் சில்லுகளில் எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்று முறைவைக்கிற இயங்குதளம் ஃப்ரீ-ஆர்.டி.ஓ.எஸ். உலகம் பூராவும் ஓடுகிறது, என் பலகைகளிலும் ஓடுகிறது. அதன் முறைவைப்பான் பகுதி முழுவதையும் அவர்கள் வி.சி.சி. என்ற கருவியைக் கொண்டு, கணினி சரிபார்த்த நிரூபணமாகச் செய்து, 2015இல் வெளியிட்டார்கள். வழியில் அதில் சில பிழைகளும் அகப்பட்டன, திருத்தமும் சொன்னார்கள். நான் தினமும் தொடுகிற ஒரு நிரலுக்குள் நம் நாட்டு ஆய்வாளர்கள் புகுந்து அதன் ஒவ்வோர் அசைவையும் நிரூபித்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை அச்செடுத்து மேஜையிலேயே வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் ஆய்வகத்தோடு நிற்கிற சமாசாரமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடம். ஓட்டுநர் இல்லாத ரயில். 1998 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. பாதுகாப்புக்கான நிரலை பி முறை என்ற நிரூபண வழியில் செய்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளில் நிபந்தனைகளும் வடிவமைப்பும், அதிலிருந்து பிறந்தது 86,000 வரி ஏடா. நிரூபணம் முடிந்த பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பகுதியில் ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை. 2009இல் சிட்னியில் கெர்வின் க்ளைன் குழுவினர் எஸ்.இ.எல்.4 என்ற இயங்குதளக் கருவை, சுமார் 8,700 வரி சி நிரலை, முழுதாக நிரூபித்தார்கள். அதற்கு இரண்டு லட்சம் வரி நிரூபணம் எழுதவேண்டியிருந்தது. மலைக்கவேண்டாம், அது மனிதர் கையால் எழுதி நடத்திய நிரூபணம். நான் பேசுகிற வகையில் பெரும்பாரத்தைச் சால்வரே சுமக்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அது நிரூபிக்கும். வரிசைப்படுத்தும் ஒரு நிரலுக்கு, 'முடிவில் எண்கள் ஏறுவரிசையில் இருக்கவேண்டும்' என்று மட்டும் பின்நிபந்தனை எழுதுங்கள். எல்லா எண்ணையும் பூஜ்ஜியமாக்கிவிடுகிற நிரலும் தேறிவிடும். பூஜ்ஜியங்கள் ஏறுவரிசையில்தானே இருக்கின்றன! கொடுத்த அதே எண்கள்தான் இடம் மாறி இருக்கவேண்டும் என்ற இன்னொரு வாக்கியம் சேர்ந்தால்தான் வரிசைப்படுத்துதல் முழுமையாகிறது. இதைக் குறை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வரமாகப் படுகிறது. 'எனக்கு என்ன வேண்டும்' என்பதை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கருவி அதைப் பழக்கிவிடுகிறது. இன்னொரு வரம்பும் உண்டு: புள்ளி வைத்த எண்களும், மாறியை மாறியால் பெருக்குகிற கணக்குகளும் வந்தால் சால்வர் திணறும், நேரம் முடிந்தது என்று கையை விரிக்கும். எல்லா நிரலுக்கும் பொதுவாகப் பதில் சொல்லும் இயந்திரம் இருக்கவே முடியாது என்று கணினியியல் முன்னோடி டியூரிங் 1936இலேயே காட்டிவிட்டார். அதே டியூரிங்தான் 1949இல் கேம்பிரிட்ஜில், ஒரு நிரல் சரி என்று எப்படிக் கட்டம் கட்டமாக வாதிடுவது என்றும் செய்து காட்டினார். இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர்!

மாலையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் போனால் தேங்காய் உடைக்கும் சத்தம் ஓயாது. ராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் கோயில், வாசலில் எப்போதும் கூட்டம். ஒவ்வொரு புது வேலையைத் தொடங்கும்போதும் நானும் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் முதல் முன்நிபந்தனையை எழுதுவேன். இந்த மண்ணுக்கும் நிரூபணத்துக்கும் பழைய உறவு உண்டு. சுமார் 1530இல் ஜ்யேஷ்டதேவர் எழுதிய யுக்திபாஷா, முடிவுகளை மட்டும் சுலோகமாகச் சொல்லிவிட்டுப் போகாமல், ஏன் அப்படி என்ற யுக்தியை, பை-யின் முடிவிலித் தொடர் வரைக்கும், மலையாள உரைநடையில் படிப்படியாக விளக்கிய நூல். மக்கள் பேசுகிற மொழியில் நிரூபணம் எழுதியவர்கள் வாழ்ந்த நாடு. நாம் தமிழில் ஏன் எழுதக்கூடாது? முன்நிபந்தனை, பின்நிபந்தனை, மாறா உண்மை என்று நான் நண்பர்களுக்குத் தமிழில்தான் சொல்லித் தருகிறேன், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

நிரல் எழுதுகிறவரா நீங்கள்? ஸ்பார்க் இலவசம். சி-யில் எழுதுகிறவர்களுக்கு ஃப்ராமா-சி இருக்கிறது, அதுவும் இலவசம். எதுவும் வேண்டாம், நிரூபிப்பதை மட்டும் ருசிபார்க்க வேண்டுமென்றால் ரஸ்டன் லைனோ உருவாக்கிய டாஃப்னியில் தொடங்கலாம், அடியில் ஓடுவது இசட்3தான். முழு நிரலையும் நிரூபிக்கப் போகவேண்டாம். உங்கள் நிரலில் பத்து வரிக்குள் இருக்கிற, ஆனால் தப்பினால் ஆளையோ பணத்தையோ பாதிக்கிற ஒரே ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் முன்நிபந்தனையை எழுதிக் கருவியிடம் கொடுத்துவிட்டு, அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள்.